தெருவோரம் நிற்கும் டெட்ராய்ட்

கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் ஊரிலிருக்கும் கிரேட் மாலுக்கு வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கட்டடம் ஏன் அவ்வளவு நீளம் என்று தெரியாது. அது கடைகளுக்காகக் கட்டியது அல்ல. 1955 முதல் 1983 வரை அங்கே ஃபோர்டு கார் தொழிற்சாலை இயங்கியது. சான் ஹோசே அசெம்ப்ளி என்று பெயர். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாகி, இரண்டு வருடம் முடிவதற்குள் பத்து லட்சம் விற்றுத் தீர்ந்த மஸ்டாங்கை அறுபதுகளில் மூன்று தொழிற்சாலைகளில் செய்தார்கள். டியர்பார்ன், மெட்டச்சன், மூன்றாவது இது. 1994இல் இதே கூரைக்கடியில் கடைகளைத் திறந்தார்கள். ஊருக்குப் போகுமுன் பெட்டியும் ஷூவும் வாங்க அங்கே வருகிற தமிழ்க் குடும்பங்கள் நடப்பது, ஒரு காலத்தில் மஸ்டாங்குகள் உருண்டு வெளியேறிய தளத்தின் மேல்.

நான் இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்டூகே கணினி வேலை அலையில். ஃப்ரீமான்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட். சொந்தக் கார் வாங்கக் காசு சேரவில்லை. சனி ஞாயிறுகளில் பார்ட் ரயிலேறி ஓக்லாந்திலோ பெர்க்லியிலோ இறங்கி, கால்போன போக்கில் நடப்பேன். ஓக்லாந்திலிருந்து பஸ்ஸில் அலமேடா தீவுக்கும் போவதுண்டு. அந்த நடையில்தான் கண்ணில் பட்டன அந்த வண்டிகள். வெயிலில் வெளுத்த பிளிமத் வேலியன்ட், பின்பக்கம் வால் மாதிரி நீண்ட ராம்ப்ளர் ஸ்டேஷன் வாகன், ஒரு பக்கத்து ஹெட்லைட் வளையம் இல்லாத இம்பாலா. எல்லாம் ஓடுகிற வண்டிகள். மளிகைப் பை இறக்கிவிட்டு நிறுத்தியவை, திங்கட்கிழமை வேலைக்குப் போகக் காத்திருந்தவை. கையில் ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000. சுருளுக்கு முப்பத்தாறு படம். கழுவிப் பிரின்ட் போடும் செலவு வாரச் சாப்பாட்டுச் செலவை இடிக்கும் என்பதால் ஒரு வண்டிக்கு மூன்று படம் என்று வைத்துக்கொண்டேன். முன்பக்க மூலையிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கிட்டப்போய் ஒன்று.

“என்ன மாப்ள, அவனவன் பி.எம்.டபிள்யூ பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புறான். நீ காயலான் கடைக்குப் போற வண்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கிற?” என்று அறை நண்பன் கேட்பான்.

“காயலான் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துடணும்ல மாப்ள” என்பேன். அன்று சொன்ன அந்தப் பதிலை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தக் கால் நூற்றாண்டில் அந்த வண்டிகளைச் சுற்றியிருந்த உலகம்தான் தலைகீழாகிவிட்டது.

ஓக்லாந்துக்குக் கிழக்கே ஒரு சரிவான தெருவில் நின்ற 1966 டாட்ஜ் டார்ட்டை முதலில் சொல்ல வேண்டும். வெளிர்பச்சை நிறம், நாலு கதவு, கறுப்பு நம்பர் பிளேட். நான் கேமராவை எடுத்ததும் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த முதிய அம்மாள் எழுந்து வந்தார். புதிதாக வாங்கிய நாளிலிருந்து தன்னிடமே இருக்கும் வண்டி என்றார். தேவாலயத்துக்கும் நூலகத்துக்கும் தினம் எடுத்துப் போகிறாராம். எனக்குக் கார்களில் ஆர்வம் என்று தெரிந்ததும் பானெட்டைத் திறந்து காட்டினார். ஆறு சிலிண்டர் இன்ஜின், முப்பது டிகிரி ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார வைத்தது. பானெட் தாழ்வாக அமைய வேண்டும் என்று டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிறைஸ்லரின் இன்ஜினியர்கள் அப்படி வைத்தார்கள். பெரிய அளவு 225 க்யூபிக் இன்ச், நம் கணக்கில் 3.7 லிட்டர். மெக்கானிக்குகள் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடும் இன்ஜின் அது. எண்ணெய் மட்டும் காலத்துக்கு மாற்றினால் தலைமுறை தாண்டி ஓடும்.

பிறகு இடதுபக்கச் சக்கரத்தைக் காட்டி, குனிந்து பார்க்கச் சொன்னார். வீல் போல்ட்டின் தலையில் ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருந்தது. இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. சைக்கிளில் இடது பெடலுக்கு இருக்குமே, அதே தத்துவம்: சக்கரம் சுற்றும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக. கிறைஸ்லர் கம்பெனி எழுபது வாக்கில்தான் அதைக் கைவிட்டது. ஒருமுறை டயர் கடைக்குப் புதிதாக வந்த பையன் அது தெரியாமல் எதிர்ப்பக்கமாக முறுக்கி இரண்டு போல்ட்டை ஒடித்துவிட்டானாம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் இடதுபக்க வீல் கப்புக்குள் வெள்ளைப் பெயின்டால் ‘எதிர்த்திசை’ என்று எழுதிவைத்திருந்தார். அந்த எழுத்தைத்தான் மூன்றாவது படமாக எடுத்தேன். எந்த மியூசியத்திலும் அப்படி ஒரு வண்டியைப் பார்க்க முடியாது. அங்கே போகுமுன் அந்தப் பெயின்டைச் சுரண்டித் துடைத்துவிடுவார்கள்.

அப்பா ஒரு கோடையில் வந்திருந்தார். அவரையும் அந்தத் தெருக்களில் நடக்கக் கூட்டிப்போனேன். ஒரு ஐம்பதுகளின் பிளிமத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“டேய், இது நம்ம ஊர்ல ஓடுன வண்டிடா. மாப்பிள்ளை அழைப்புக்கு மேல் திறந்த பிளிமத் ஒண்ணு வாடகைக்கு வரும். சீரியல் லைட் கட்டி, நாயனம் முன்னாடி போக, இது பின்னாடி ஊர்ந்து வரும்.”

“அங்க எப்படிப்பா வந்துது இது?”

“பம்பாய்ல பூட்டுனாங்கடா. ஃபார்கோ லாரியும் அவங்கதான்.”

அவர் சொன்னது சரிதான். 1947 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிறைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு டாட்ஜ், பிளிமத் கார்களையும் லாரிகளையும் பூட்டி விற்றது. கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூட்பேக்கரைப் பூட்டியது. நம் ஊரில் பிளிமத், டாக்டரும் மிராசுதாரும் வைத்திருந்த வண்டி. அப்பா பார்த்து நின்ற பிளிமத்தோ, ஒரு துறைமுகத் தொழிலாளியின் வீட்டு வாசலில் நின்றது. ஒரே வண்டிக்கு இரண்டு நாடுகளில் இரண்டு தகுதி. அதை அன்று இருவரும் பேசிக்கொண்டே நடந்தோம்.

தெருவில் நிற்கும் ஒரு வண்டியைப் பார்த்து அதன் வயதைச் சொல்லக் கற்றுக்கொள்வது பெரிய சந்தோஷம். சட்டமும் நாகரிகமும் தகரத்தில் அடையாளம் விட்டுப் போயிருக்கின்றன. பக்கத்துக்கு இரண்டாக நாலு ஹெட்லைட் இருந்தால் பெரும்பாலும் 1958 அல்லது அதற்குப் பிறகு. மட்கார்டின் பக்கவாட்டில் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிறகு. அந்த வருடம் மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கியது. பம்பர் பலகை மாதிரிப் பெருத்து முன்னால் துருத்தினால் 1973 அல்லது அதற்குப் பிந்தியது. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் இடித்தாலும் முன்பக்க விளக்குகளுக்குச் சேதம் வரக்கூடாது என்ற விதி அந்த ஆண்டுதான் வந்தது. பெட்ரோல் மூடி எங்கே என்று தேடுவது இன்னொரு விளையாட்டு. 1957 ஷெவர்லேயில் அது இடதுபக்க வாலின் பளபளப்புப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும். அறுபதுகளின் பிற்பகுதியில் வந்த இம்பாலாவில் நம்பர் பிளேட்டை மடக்கினால் தெரியும்.

கலிஃபோர்னியாவில் கார் கைமாறினாலும் நம்பர் பிளேட் காரோடேயே போகும். 1956 முதல் மஞ்சளில் கறுப்பு எழுத்து. 1963 முதல் கறுப்பில் மஞ்சள் எழுத்து. 1969 வாக்கில் நீலத்தில் மஞ்சள். ஆகவே அந்தக் காலத்துக் கறுப்புப் பிளேட்டோடு ஒரு வண்டி நின்றால், அது அறுபதுகளிலேயே இந்த மாநிலத்தில் பதிவாகி இங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். பிளேட்டின் மூலையில் ஒட்டும் வருடாந்தர ஸ்டிக்கர் இந்த வருடத்தியதாக இருந்தால் வண்டிக்கு உயிர் இருக்கிறது. டயருக்கடியில் இலைச் சருகு குவிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் அசையாமல் நின்றால் இழுத்துப்போக நகராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. சருகில்லாமல் நின்றால், அந்த வண்டியை யாரோ தொடர்ந்து ஓட்டுகிறார்கள்.

இந்த மேற்குக் கரையில் இத்தனை வண்டிகள் மிஞ்சியதற்குக் காரணம் உப்பு. டெட்ராய்டிலும் நியூயார்க்கிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பத்துப் பனிக்காலம் கண்ட வண்டியின் அடித்தளம் அப்பளமாக நொறுங்கிவிடும். இங்கே உப்பு போடுவதில்லை. ஆனால் கடல் மூட்டம் உண்டு. அதனால் டெட்ராய்ட் வண்டியில் துரு கீழிருந்து மேலே ஏறும். சான் ஃபிரான்சிஸ்கோ வண்டியில் மேலிருந்து கீழே இறங்கும். பின்கண்ணாடியின் அடியோரத்திலும், வினைல் ஒட்டிய கூரையின் மடிப்பிலும் முதல் புள்ளி விழும். அந்த இடத்தைக் கிட்டப்போய் எடுத்தால் வண்டி எந்த ஊரில் வயதானது என்று படமே சொல்லிவிடும்.

தெருவோரக் காரைப் படமெடுப்பதில் எனக்கு முன்னோடிகள் பெரியவர்கள். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ராபர்ட் ஃப்ராங்க், 1955–56இல் குகன்ஹைம் நிதியுதவியோடு ஒரு பழைய ஃபோர்டில் நாட்டைச் சுற்றி எடுத்த படங்களில், லாங் பீச்சில் இரண்டு பனைகளுக்கிடையே துணி போர்த்தி நிற்கும் ஒரு கார் இருக்கிறது. அதைவிட என் மனதுக்கு நெருக்கமானவர் லாங்டன் கிளே. 1974 முதல் 1976 வரை நியூயார்க் தெருக்களிலும் ஆற்றுக்கு அக்கரையில் ஹோபோகனிலும் இரவில் நடந்து, நிறுத்திவைத்த கார்களை ஒவ்வொன்றாக எடுத்தார். சின்ன லைக்கா கேமரா, கோடாக்ரோம் ஃபிலிம், தெருவிளக்கின் வெளிச்சம், நெடுநேர எக்ஸ்போஷர். ஒரு படத்துக்கு ஒரு கார். பக்கவாட்டில், பின்னால் கடையின் ஷட்டரோ பாரின் கண்ணாடியோ தெரியும்படி. நியூயார்க் நகராட்சி திவாலின் விளிம்பில் தள்ளாடிய வருடங்கள் அவை. கார்களில் நசுங்கலும் பற்றவைப்பும் தெரியும். 2016இல்தான் ஸ்டைடல் பதிப்பகம் அவற்றைத் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தது.

அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒன்று உறைத்தது. கிளே எடுத்தபோது அந்தக் கார்களில் பல பத்துப் பதினைந்து வயது வண்டிகள்தான். யாரும் அவற்றைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அருமை என்று யாரும் சொல்லாத காலத்தில் அவர் அத்தனை கவனத்தோடு எடுத்ததால்தான் நாற்பது வருடம் கழித்து அவை ஒரு நகரத்தின் சரித்திரமாக நிற்கின்றன. அவர் பயன்படுத்திய கோடாக்ரோமை 2009இல் நிறுத்தினார்கள். கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கடைசி லேப், 2010 டிசம்பர் 30க்குப் பிறகு புதிய சுருள்களை ஏற்கவில்லை. அவருடைய கார்களும் போயின, ஃபிலிமும் போயிற்று. மிஞ்சியது படம்.

என் சுருள்களும் என்னை அறியாமல் ஒரு சரித்திரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தன. 1968 முதல் வந்த ஷெவர்லே கார்களில் அடையாள எண்ணை முன்கண்ணாடி வழியாகவே படிக்கலாம். ஷெவெல் என்ற மாடலில் ஆறாவது இலக்கம் வருடம். ஏழாவது இடத்தில் இருப்பது தொழிற்சாலையின் எழுத்து. நான் எடுத்த ஷெவெல்களில் அந்த இடத்தில் இருந்தது ‘இஸட்’. இஸட் என்றால் ஃப்ரீமான்ட். நாங்கள் நாலு பேர் குடியிருந்த ஊரிலேயே செய்த வண்டிகள். ஓக்லாந்தில் 1916 முதல் ஷெவர்லே தொழிற்சாலை இருந்தது. மேற்கின் டெட்ராய்ட் என்றே அந்த ஊரைச் சொன்னார்கள். 1963இல் அதை மூடி ஃப்ரீமான்டுக்கு மாற்றினார்கள். ஓக்லாந்து இடத்தில் ஈஸ்ட்மான்ட் மால் எழுந்தது. ஃப்ரீமான்டை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக நம்மி என்ற பெயரில் மறுபடி திறந்தது. 2010இல் அதுவும் முடிந்து, கட்டடம் டெஸ்லாவின் கைக்குப் போனது. 2012இல் மாடல் எஸ் அங்கிருந்து வெளிவந்தது. ஷெவெல்லும் மாடல் எஸ்ஸும் ஒரே வாசல் வழியாக உலகத்துக்கு வந்தவை. இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பல தெருக்களில், அந்தக் கன்வேயரில் நின்று நட்டு முறுக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம்.

அன்று டார்ட்டையும் வேலியன்ட்டையும் ஓட்டியவர்கள் மாணவர்கள், ஓய்வூதியக்காரர்கள், துறைமுகக் கூலிக்காரர்கள். ஆயிரம் டாலருக்குள் கிடைத்த வண்டிகள். இன்று அதே டார்ட், ஆஃபீஸ் போய்வரப் புது மின்சாரக் காரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இதுவுமாக வைத்திருப்பவரின் கராஜுக்குள் போய்விட்டது. அன்று வெளுத்த பெயின்ட் இருந்தால் கையில் காசில்லை என்று அர்த்தம். இன்று புதிதாகப் பெயின்ட் அடித்து, அதைத் தேய்த்து வெளுக்கவைத்து, துருப்பிடித்த மாதிரிக் காட்ட டிங்கரிங் கடைக்குக் காசு கொடுக்கிறார்கள். அன்று கறுப்புப் பிளேட் என்பது ஒரு வண்டியின் ஆயுள் சான்றிதழ். 2015 முதல், ஐம்பது டாலர் கட்டினால் மாநில அரசே எந்தக் காருக்கும் புதிதாகக் கறுப்புப் பிளேட் அடித்துத் தருகிறது. போன வாரம் ஷோரூமை விட்டு வந்த கார் அறுபதுகளின் முகத்தோடு போகிறது. இதில் எனக்கு வருத்தமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு. ஆயுள் சான்றிதழாக இருந்த நிறம் அலங்காரமாகிவிட்டதே என்பது வருத்தம். அந்த நிறத்தை இத்தனை பேர் நேசிக்கிறார்களே என்பது மகிழ்ச்சி.

எல்லாவற்றையும்விட ஆச்சரியமான மாற்றம் ஒன்றுண்டு. அன்று தெருவில் மலிந்து கிடந்தவை எண்பதுகளின் கார்கள். ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சியரா, ஷெவர்லே செலிப்ரிட்டி, முதல் தலைமுறை ஃபோர்டு டாரஸ். இன்று மூலைக்கு மூலை தேடினாலும் அவை கிடைப்பதில்லை. அவற்றைவிட இருபது வயது மூத்த மஸ்டாங் இன்னும் கண்ணில் படுகிறது. 1976இல் அமெரிக்காவிலேயே அதிகம் விற்ற கார் கட்லஸ். அந்தப் பெயரைத் தாங்கிய ஓல்ட்ஸ்மொபைல் பிராண்டே 2004இல் மூடப்பட்டது. 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற கார் டாரஸ். ஒரு முழுத் தலைமுறை அதன் பின்சீட்டில் தூங்கி வளர்ந்தது.

ஏன் இளையது போய் மூத்தது நிற்கிறது என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது. 1976 முதல் வந்தவை, மிகப் புதியவை நீங்கலாக, இரண்டு வருடத்துக்கொருமுறை சோதனையில் தேற வேண்டும். எண்பதுகளின் கார் இன்ஜினைச் சுற்றிச் சின்னச் சின்ன ரப்பர் குழாய்கள் பின்னிக்கிடக்கும். அவற்றுக்கு உதிரிபாகம் கிடைக்காது. தேறாத வண்டியைக் கொடுத்தால் அதை நசுக்கிவிட்டு, உரிமையாளருக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் கொடுக்கும் திட்டத்தை மாநிலமே நடத்தியது. 2009 கோடையில் மத்திய அரசும் பெட்ரோல் அதிகம் குடிக்கும் கார்களை ஒப்படைத்தால் மானியம் என்று அறிவித்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்து சேர்ந்தன. இருபத்தைந்து வயதுக்குட்பட்டவை மட்டும்தான் அதில் சேரலாம். எண்ணெயை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார்கள். அது உள்ளே கண்ணாடியாக இறுகிச் சில நிமிடத்தில் இன்ஜின் நின்றது. காற்று சுத்தமானது நல்ல காரியம். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வண்டிகளின் படங்களைத் தேடினால், விற்பனை விளம்பரங்களைத் தவிரத் தெருவில் நின்ற நிலையில் எடுத்தவை மிகக் குறைவு.

கிழக்கு சான் ஹோசேயில் வேறு விதமான மாற்றம். கிங் ரோடும் ஸ்டோரி ரோடும் சந்திக்கும் இடம், மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் லோரைடர் பண்பாட்டுக்குத் தாய்வீடு. லோரைடர் பத்திரிகை 1977இல் இந்த ஊரில்தான் தொடங்கியது. 1964 இம்பாலாவை எடுத்து, ஹைட்ராலிக் பம்பு வைத்துத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கூரையில் பூக்கோலம் போட்டு, ஞாயிறு மாலைகளில் மெல்ல ஊர்வலம் விடுவார்கள். நான் அங்கே படமெடுக்கத் தொடங்கிய நாட்களில் அந்த ஊர்வலத்துக்கே தடை இருந்தது. ஒரே சந்திப்பை மறுபடி மறுபடி கடந்தால் அபராதம். காரைத் தாழ்த்துவதற்கும் 1958 முதல் மாநிலச் சட்டத்தில் கட்டுப்பாடு இருந்தது. ஊர்வலத் தடையை சான் ஹோசே 2022இல் நீக்கியது. 2024 ஜனவரி முதல் மாநிலமே இரண்டு கட்டுப்பாடுகளையும் எடுத்துவிட்டது. அன்று போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் திரும்பியவர்கள், இன்று பேரப்பிள்ளைகளை முன்சீட்டில் உட்காரவைத்து நடுச்சாலையில் போகிறார்கள். நீண்ட காலம் போராடிப் பெற்ற உரிமை அது. அந்த முகங்களைப் படத்தில் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

படமெடுக்கிறவனைப் பார்க்கும் பார்வையும் மாறியிருக்கிறது. அன்று கேமராவைத் தூக்கினால் யாராவது படியிறங்கி வந்து வண்டியின் கதையைச் சொல்வார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு, மாநிறத்தில் தாடி வைத்த ஒருவன் தெருவில் கார்களைப் படமெடுத்தால் யாராவது போலீஸுக்குப் போன் செய்வது வழக்கமானது. அதிகாரி ஒருவர் வந்து நிறுத்தி விசாரித்த பிறகு, பழைய பிரின்ட்களை ஒரு சின்ன ஆல்பமாகப் பையில் வைத்துக்கொண்டேன். பொது இடத்தில் நிற்கும் வண்டியைப் படமெடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் சட்டத்தைச் சொல்வதைவிட ஆல்பத்தை விரித்துக் காட்டுவது எளிது. இப்போது ஒவ்வொரு வாசலிலும் அழைப்புமணியோடு ஒரு கேமரா. நான் வண்டியை எடுக்குமுன் வீடு என்னை எடுத்துவிடுகிறது. கதவைத் திறந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் நானே கதவைத் தட்டுகிறேன். அநேகமாக எல்லோரும் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். தன் வண்டியை ஒருவன் மதித்துக் கேட்பது யாருக்கும் பிடிக்கும்.

கிளே எடுத்த கார்களில் பல பத்துப் பதினைந்து வயதானவை என்றேன். 2012இல் ஃப்ரீமான்டில் செய்த மாடல் எஸ்ஸுக்கு இன்று அதே வயதுதான். எங்கள் தெருவில் ஒன்று நிற்கிறது. கதவுக் கைப்பிடிகளில் ஒன்று வெளியே வந்து உள்ளே போக மறுக்கிறது. பின் பம்பரில் உரசல். பக்கத்தில் சுவரிலிருந்து இழுத்துவந்த சார்ஜ் ஒயர் நடைபாதையைத் தாண்டிக் கிடக்கிறது. அதை டார்ட்டை எடுத்த அதே மரியாதையோடு எடுத்தேன். மூலையிலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கிட்டப்போய் அந்தக் கைப்பிடி. சார்ஜ் ஒயர் நடைபாதையில் கிடந்த காலம் ஒன்று இருந்தது என்று இன்னும் நாற்பது வருடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். டாரஸும் அப்படித்தான். அதன் உற்பத்தி 2019இல் இங்கே நின்றுவிட்டது. மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பழைய டாரஸையும் தேடிப்போய் எடுக்கிறேன்.

இதில் இறங்க நினைக்கிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூட்டம் போட்ட காலையில் போங்கள். குரோமில் வெயில் தெறிக்காது, நிறம் உள்ளது உள்ளபடி விழும். வண்டியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். வாசலும் மரமும் பக்கத்து வண்டியும் படச்சட்டத்துக்குள் இருக்கட்டும். வண்டியைத் தொடாதீர்கள். வீட்டு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தோடு தேதி, தெரு, காரின் வருடம், பிளேட்டின் நிறம், சொந்தக்காரர் சொன்ன ஒரு செய்தி இவற்றை எழுதிவையுங்கள். எழுதாத படம் இருபது வருடத்தில் ஊமையாகிவிடும். ஒரு பிரதியை வண்டிக்காரருக்குக் கொடுங்கள். இன்னொன்றை அவர் சம்மதத்தோடு ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். ஓக்லாந்துப் பொது நூலகத்தில் ஊர் வரலாற்றுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கார் தனி ஒருவரின் சொத்து. அது நின்ற தெரு எல்லோருக்கும் சொந்தம். அங்கே வாழ்ந்தவர்கள் எதை ஓட்டினார்கள், எதை எப்படிப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அடுத்து வருகிறவர்களுக்கு உரிமை உண்டு.